மேலிருந்து மூன்றடி

"…அதனாலதான் சொல்றேன் சார், கீழ வேணாம், மேலேர்ந்து மூணடி வெட்டிக்கறேன்" என்று சித்தப்பா சொன்னபோது, அந்தப் பெரிய ஓட்டலின் மேனேஜர் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். ஒன்பது வயதுப் பெண்ணிடம் நியாயம் கேட்கிற மாதிரி. எனக்கும் நியாயம் மேனேஜர் பக்கம்தான் இருப்பதாகப் பட்டது. ஒரு துணியில் நன்றாக இருக்கும் பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு, கோணலாக இருக்கும் பக்கத்தை யாராவது சுவரில் தொங்கவிடுவார்களா?

சித்தப்பா என்னை மெட்ராசுக்குக் கூட்டிப் போனதே என் இங்கிலீஷை நம்பித்தான். "போர்டு கீர்டு படிக்கணும்னா பாப்பா கீது" என்று எங்கள் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினார். எனக்குத் தெரிந்தது மூன்றாம் வகுப்பு இங்கிலீஷ். அன்றைக்கு நான் படித்துச் சொன்னது 'புஷ்', 'புல்' இரண்டும்தான், அதிலும் ஒன்றை மாற்றிச் சொன்னேன். அதற்கு முந்தைய தடவை அவருடன் போக சித்தி இருந்தாள்.

அந்த முந்தைய தடவையைச் சொல்லாமல் இது விளங்காது. அந்த ஓட்டல் எங்கள் அப்பா பிறந்த காலத்தில் எழுந்தது என்பார்கள். கட்டியவர் சுவருக்குப் பூச்சே பூசவில்லை. பலகை அடித்து ஊற்றிய கான்கிரீட், பலகையின் மர ரேகையோடு அப்படியே நிற்கும். முகப்பு முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்களாகக் கான்கிரீட் சல்லடை. சாயங்கால வெயில் அதன் வழியே நுழைந்தால் தரையில் கட்டம் போட்ட லுங்கியை விரித்தது மாதிரி இருக்கும். கூடம் இரண்டு மாடி உயரம், நடுவில் ஒரு தூண் கிடையாது. மாடிப்படியும் அப்படித்தான். கீழே தாங்க ஒன்றும் இல்லாமல், ஒரு பக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் ஏறும். சித்தி அண்ணாந்து பார்த்துவிட்டு, "எனக்கு உசிரு மேல ஆசை இருக்குதுப்பா, நான் இங்கியே நிக்கறேன்" என்றாள்.

உடைந்த ஓடுகளைப் பதித்து ஒரு சுவர் முழுக்கக் கட்டுமரங்கள் செய்திருந்தார்கள். அத்தனை கட்டுமரத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு மீன். தோட்டத்தில் இரும்புத் தகடு வளைத்த ஒரு காளை. கொம்பு இருந்தது, திமில் இருந்தது, முகம் இல்லை. வேலை முடியாமல் விட்டுவிட்டார்களா என்று கேட்டேன். "வேணும்னுதாம்மா உட்டது. வர்றவங்கல்லாம் இதத்தான் கேக்கறாங்க, நானும் இதத்தான் சொல்றேன்" என்றார் வாட்ச்மேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் காளைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிற அலுப்பு அந்தக் குரலில் இருந்தது.

படிக்கட்டுக்கு எதிர்ச்சுவரில் இருந்த பழைய ஓவியம் ஈரம் ஏறிப் பாழாகிவிட்டது. அந்த இடத்தில் காஞ்சிபுரம் பட்டில் ஒன்று தொங்கவேண்டும் என்று முடிவாகி, ஒரு ஓவியர் மாதிரிப் படம் வரைந்து கொடுத்து, வேலை எங்கள் சித்தப்பாவுக்கு வந்தது. சுவரை நேரில் பார்க்கத்தான் நாங்கள் மூவரும் போனோம். சித்திக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. ஜன்னலோரம் உட்கார்ந்து, முகத்தில் காற்று அடிக்க, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்தாள். "ஜன்னல் இல்லன்னா சொல்லிடு, நான் எறங்கி நடந்தே வந்துடறேன்." ஜன்னல் எனக்கு வேண்டும் என்று நான் அழுதும் பலிக்கவில்லை.

பிறகு காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில் இருந்த எங்கள் வீட்டுத் தறியில் அந்தத் துணி வளர்ந்தது. ஒரு புடவை அகலம், சுவரின் உயரம். உடல் அரக்குச் சிவப்பு, இரண்டு பக்கமும் கறுப்புக் கரை. கோபுரத்தை உடைத்துத் துண்டு துண்டாக அடுக்கிய மாதிரி முக்கோணங்கள். உடலும் கரையும் தனித்தனி நூல் என்பதால் ஒவ்வொரு இழையிலும் இரண்டையும் கோத்துக்கொண்டே போகவேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். சித்தப்பா நூல் சுற்றிய நாடாவை எறிவார், இடது ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் சித்தி கரை நாடாவைக் கோத்துத் திருப்பி விடுவாள். "ஆறு மாசமா நெய்யறோம், இன்னா நெய்யறோம்னுதான் தெரியல. பூவும் இல்ல, மயிலும் இல்ல" என்பாள். சித்தப்பா அடுத்த இழையை எறிவார். வீட்டுக்குள் அவர்களுடைய பேச்சு அதற்கு வெகு முன்பே நின்றிருந்தது என்பது எனக்குத் தெரியாது. நாடா இங்கிருந்து அங்கே போகும், அங்கிருந்து இங்கே வரும். பேசிக்கொள்கிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் காலையில் சித்தி நாடாவைக் கீழே வைத்தாள். கை கழுவினாள். ஒயர்கூடையில் இரண்டு புடவையை எடுத்துக்கொண்டு மாகறலில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போனாள். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை, சண்டை போட்ட சத்தமும் கேட்கவில்லை. "பொங்கலுக்கு வந்துடுவா" என்றார்கள் தெருவில். பொங்கல் வந்தது. "பங்குனி உத்திரத்துக்கு வராம எங்க போவா" என்றார்கள். அதுவும் வந்து போயிற்று.

ஓரத்தில் உட்கார அம்மா கேட்டாள், பக்கத்து வீட்டு அக்காவும் கேட்டாள். சித்தப்பா யாரையும் உட்காரவிடவில்லை. ஒரு இழை எறிவார். உட்காரும் பலகையில் நகர்ந்து இடது ஓரத்துக்குப் போய்க் கரையைக் கோப்பார். மறுபடி நகர்ந்து நடுவுக்கு வருவார். ஒரு நாளைக்கு நாலு விரல்கடைகூட வளராது. மிச்சம் இருந்த ஏழடியையும் அப்படியே நெய்து முடித்தார். உடலோடு ஒட்டிய இடம் தெரியாமல் நேராக இறங்கி வந்த இடது கரை, சித்தி விட்ட இடத்திலிருந்து லேசாக அலை அலையாகப் போயிற்று.

முதலில் நெய்தது மேலே வரும்படி துணியை மாட்டி ஒரு வருஷம் ஆவதற்குள் ஓட்டலுக்குப் புது மேனேஜர் வந்துவிட்டார். இவ்வளவு உயரக் கூடத்துக்கு ஏசி போட்டுக் கட்டுப்படி ஆகவில்லை என்று, குறுக்கே வெள்ளை அட்டை அடித்துக் கூரையைக் கீழே இறக்கினார். துணி நீளமாகிவிட்டது. மூன்றடி தரையில் சுருண்டு கிடந்தது. குறைத்துக் கொடுக்கச் சொல்லித்தான் ஆள் அனுப்பியிருந்தார்கள்.

"கீழயே வெட்டிடுங்க. இந்த லெஃப்ட் சைடு பாருங்க, அலை அலையா இருக்கு. கொஞ்சமாவது மறையும்" என்றார் மேனேஜர்.

சித்தப்பா குனிந்து, இடது கரையில் விரலை வைத்துக் கீழேயிருந்து மேலே நகர்த்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. என் தலை உயரம்தான் இருக்கும். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் அந்த இடத்தை உற்றுப் பார்த்தேன், கரையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. குறை கண்டுபிடித்துவிட்டார்கள், இனி திட்டுவார்கள் என்று நினைத்தேன். "இங்கதான்" என்றார் சித்தப்பா. யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. அதன் பிறகுதான் மேலிருந்து வெட்டிக்கொள்கிறேன் என்றார்.

"மேலதாங்க நல்லா இருக்கு" என்றார் மேனேஜர்.

"அதான் சார்."

"அப்போ வெட்டின பீஸை என்ன பண்றது?"

"நான் எடுத்துக்கினு போறேன். தரைகிரை தொடைக்க எடுத்துக்கப் போறாங்க, பாத்துக்குங்க."

துணியைக் கழற்றித் தரையில் வெள்ளை விரிப்பின் மேல் போட்டார்கள். வீட்டிலிருந்து துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்த கத்தரியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மேலே மூன்றடியை ஒரு நூல் பிசகாமல் வெட்டினார். கழி நுழைக்கும் மடிப்பை மறுபடி கையாலேயே தைத்தார். மத்தியானம் முழுக்க ஆயிற்று. எனக்கு உயரமான கண்ணாடி டம்ளரில் ஜூஸ் கொடுத்தார்கள். முகமில்லாத காளைக்கு எதிரே உட்கார்ந்து அதைத் தீரவிடாமல் குடித்துக்கொண்டிருந்தேன். துணியை மறுபடி ஏற்றியபோது அந்த அலைக் கரை யார் கண்ணிலும் படுகிற உயரத்துக்குப் போய்விட்டது. சித்தப்பா ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான்.

சித்தப்பாவுக்கு விவரம் போதாது, நல்லதை வெட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்று வீட்டில் சொல்லிச் சிரித்தவள் நான்தான். எல்லோரும் என்னோடு சேர்ந்து சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

போன மாதம் ஆபீஸ் வேலையாக அந்த ஓட்டலுக்குப் போயிருந்தேன். கட்டிடத்தின் அருமை இப்போது தெரிந்து, வெள்ளை அட்டையைப் பிரித்து எறிந்துவிட்டுக் கூடத்தைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். துணி அங்கேயேதான் இருக்கிறது. அதற்கு மேலே மூன்றடிக்கு வெறும் கான்கிரீட். விருந்தாளிகளுக்குச் சுற்றிக் காட்டுவதற்கென்றே ஒரு பெண் இருக்கிறாள். மேலே தெரியும் வெற்றிடம் ஓவியர் வானத்துக்காக வேண்டுமென்றே விட்டது என்றாள். கீழே கரை நெளிவது கடல் அலை என்றாள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். நான் கரையில் அந்த இடத்தைத் தேடினேன். இந்தத் தடவை பார்த்தவுடன் தெரிந்தது. யாரிடமாவது காட்டவேண்டும் போல இருந்தது. அங்கே எனக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

துணியை வெட்டிய அன்றைக்கு ஓட்டலை விட்டு நாங்கள் வெளியே வரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. சித்தப்பா வெட்டிய துண்டை மடிப்பு விழாமல் உருட்டி, துணிப்பையில் வைத்துக்கொண்டார். காஞ்சிபுரம் பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட் கிடைத்தது. நான் முண்டியடித்து ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன்.

"இப்படி வா பாப்பா" என்றார்.

நான் நடுவில் வந்ததும், பையை ஜன்னலோரம் வைத்து, ஜன்னல் கதவை மேலே தூக்கிவிட்டார். துணிக்கு எதற்குக் காற்று என்று கேட்டேன். அவர் டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் அவரோடு பேசக்கூடாது என்று முடிவு செய்தேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

பூந்தமல்லியில் கூட்டம் ஏறியது. இடுப்பில் குழந்தையோடு ஒரு அம்மா வந்து நின்றாள். "யோவ், பைக்கும் டிக்கெட் வாங்கிக்கிறியா? எடுத்து மடியில வையேன், கொழந்தையோட நிக்கறேன் பாரு" என்றாள். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. "பையை எடு சித்தப்பா" என்று, பேசக்கூடாது என்ற முடிவை மறந்து கெஞ்சினேன்.

சித்தப்பா எழுந்தார். தன் இடத்தில் அந்த அம்மாவை உட்காரச் சொன்னார். என் தலைக்கு மேலாகக் கையை நீட்டி, சரிந்திருந்த பையை ஜன்னலோரம் நேராக நிமிர்த்தி வைத்துவிட்டு, மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு காஞ்சிபுரம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.