வீடு நிறைய படம்

திருவொற்றியூர்க் குப்பத்தில் முத்தம்மா வீட்டுச் சுவரில் சுண்ணாம்பே தெரியாது. அவ்வளவு சாமி படம். மீன் விற்று வந்து, கூடையைக் கழுவிக் கவிழ்த்த கையோடு குளித்து, ஒவ்வொரு படத்துக்கும் பொட்டு வைத்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. கூட இருப்பது தம்பி திருமலை ஒருவன்தான். அவன் கடலுக்குப் போகாதவன். கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று வீடியோ எடுத்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சிடி போட்டுக் கொடுப்பான்.

ஒரு ஆடி மாதம் வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. திருமலை வெளியே போயிருந்தான்.

"இன்னாம்மா, வூட்ல படம் கீதா?" என்றார் ஏட்டு.

முத்தம்மாவுக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. "கீதே சார்! வூடு நெறைய கீது. போன வெள்ளிக்கெழமகூட புதுசா வந்துச்சு."

"புதுசா? யாருக்குக் குடுக்கறீங்க?"

"கேக்கறவங்களுக்கு எல்லாம் குடுப்போம் சார். புண்ணியந்தானே? நேத்துகூட பக்கத்து வூட்டு பூவம்மாக்கு ஒண்ணு குடுத்தேன்."

ஏட்டு எழுதிக்கொண்டார். உள்ளே போனவர்கள் சாமியை ஏறிட்டும் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரும் சிடிகளும் ஜீப்பில் ஏறின. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "சார், நான் சொன்னது சாமி படம் சார்!" என்று பின்னாலேயே ஓடினாள். ஜீப் போய்விட்டது.

விஷயம் கேட்ட திருமலை தானாகவே ஸ்டேஷனுக்குப் போனான். திரும்பி வரவில்லை. குண்டர் சட்டத்தில் உள்ளே வைத்துவிட்டார்கள் என்று பிறகு சேதி வந்தது.

"இன்னாக்கா அக்குறும்பு இது?" என்றாள் பூவம்மா. "ஊதுனா பறந்துடுவான், அவனா குண்டன்? அந்தாண்ட தெருவுல ஆளை வெட்டுனவன் ஜாமீன்ல வந்து மாலையும் கழுத்துமா சுத்திகினு கீறான்!"

வக்கீல் அருள்பிரகாசம் விளக்கினார். திருட்டு சிடி போடுகிறவர்களையும் அந்தச் சட்டத்தில் சேர்த்திருக்கிறார்களாம். ஒரு வருஷம் வரை வைக்கலாம். குற்றத்தை நிரூபித்துவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்பதில்லை.

"அது அங்காளம்மா கோயில் தீமிதி சிடி சார்," என்றாள் முத்தம்மா. "அங்காளம்மாவா வந்து புகார் குடுத்தா?"

"தீமிதிக்குப் பின்னால ஒரு சினிமாப் பாட்டு ஓடுதேம்மா. நெட்டுல எறக்கினது. ரெண்டு புதுப்படமும் கம்ப்யூட்டர்ல இருந்ததாம்."

"அது அவன் பாக்கறதுக்கு வெச்சிருந்தான் சார்."

"கேக்கறவங்களுக்கு எல்லாம் குடுப்போம்னு நீங்க சொன்னதா எழுதியிருக்காங்களே."

முத்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்று பொட்டு வைக்கக் கை ஓடவில்லை. கூடையிலிருந்து ஒருத்தன் மீனை எடுத்தால் கூடையில் மீன் குறையும். பாட்டை எடுத்தால் பாட்டு அங்கேயே இருக்கிறதே? ஆனாலும் பாட்டுக் கட்டினவனுக்கும் வயிறு உண்டுதானே? தப்புதான் என்று தோன்றியது. அரிவாள் எடுத்தவனுக்கு உள்ள சட்டமா இதற்கும் என்று நினைத்தால் அதுவும் குழம்பியது. பூவம்மாவுக்கு அவள் கொடுத்தது அங்காளம்மா படத்தின் கலர் ஜெராக்ஸ். அதை வரைந்தவர் யாரோ, அவரைக் கேட்டா எடுத்தாள்? அப்படியென்றால் தானும் திருடியா? தாயே, நீயே சொல்லு என்றாள். தாய் சிரித்தபடியே இருந்தாள்.

மேலே ஒரு குழு விசாரிக்கும், அங்கே வக்கீல் பேச முடியாது, சொந்தக்காரர் பேசலாம் என்றார் அருள்பிரகாசம். சொல்ல வேண்டியதை அவளுக்குப் பாடம் மாதிரி சொல்லிக்கொடுத்தார். குழு கூடிய அன்று உள்ளே மூன்று நீதிபதிகள். அவர்களைப் பார்த்ததும் பாடம் மறந்துபோனது.

"ஐயா, பாட்டை எடுத்தது தப்புதான். அதுக்குக் கேஸ் போடுங்க, வந்து நிப்பான். தண்டனை குடுத்தா வாங்கிக்குவான். இன்னா தப்பு, எம்மாந்தப்புன்னு கேக்காமலே உள்ள வெச்சுட்டா நாங்க எங்க போயி சொல்றது? படம் கீதுன்னு ஒளறினவ நானு, வெளிய கீறேன். அவன் உள்ள கீறான்."

ஒருவர் எழுதினார். ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். போகலாம் என்றார்கள்.

வெளியே வக்கீல் ஓடிவந்தார். "என்னம்மா சொன்னீங்க?"

சொன்னாள். அவர் முகம் சுருங்கியது. "பாட்டு எடுத்தான்னு ஒத்துக்கிட்டீங்களா?"

"எடுத்தானே சார். பொய் சொல்லலாமா? நான் பேசுனது அவனுக்கு நல்லதா, கெட்டதா சார்?"

"தெரியலம்மா," என்றார் அருள்பிரகாசம். "எனக்கே தெரியல."