காற்றுப் படாத இடம்

மூச்சு முட்ட வைப்பதும், அதே கையால் சாப்பாடு போட்டு வளர்ப்பதும்தான் என் தொழில். பயந்துவிடாதீர்கள், நான் வளர்ப்பது புற்றுநோய்க் கலங்களை, அதாவது செல்களை. யாழ்ப்பாணத்தில் ஓர் ஆய்வுகூடத்தில், கண்ணாடிக் கதவு போட்ட பெட்டி ஒன்றுக்குள் நைதரசனை விட்டு, ஒட்சிசனைக் குறைத்து, அவற்றைக் குடிவைத்திருக்கிறேன். என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டதும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் விழித்தவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வெங்காய ஆராய்ச்சி

கோப்பாயில் எங்கள் வீட்டுக்கு ஒரு கலியாணத் தரகர் வந்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்தார். பிள்ளை டொக்டரோ என்று அவர் கேட்க, இல்லை, கான்சர் ஆராய்ச்சி என்று அம்மா பெருமையாகச் சொல்லிவிட்டார். அது என்ன ஆராய்ச்சி என்று என்னைக் கேட்டால் நான் சும்மா இருப்பேனா? முன்பு கலத்துக்குள் என்ன பிழை என்றுதான் எல்லோரும் தேடினார்கள், இப்போது அது குடியிருக்கிற இடத்தையும் சேர்த்துத் தேடுகிறார்கள், அதைச் சுற்றிப் பின்னிக் கிடக்கிற நார்கள், அங்கே போய்ச் சேராத ஒட்சிசன், இரண்டும் கூட்டுச் சேர்ந்தால் வருகிற வினை என்று ஆரம்பித்துவிட்டேன். சொல்லிக்கொண்டு போகும்போதே எனக்கு முற்றம் மறைந்து, நார்களுக்கிடையே கலங்கள் மெல்ல ஊர்ந்து போவது தெரிந்தது.

திரும்பி வந்து பார்த்தால் தரகர் வாயைத் துடைத்துக்கொண்டு அம்மாவை அனுதாபத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"தங்கச்சி, கான்சர் எண்ட சொல்லையே வாயிலை எடுக்க வேண்டாம், வீட்டிலை ஆருக்கோ இருக்கெண்டு நினைப்பினம், ஆராய்ச்சி எண்டு மட்டும் சொல்லுவம், என்ன ஆராய்ச்சி எண்டு கேட்டால் வெங்காயம் எண்டு சொல்லுவம்."

வலை

எங்கள் ஆய்வுகூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுவதும் நைதரசன் சிலிண்டர் மாற்றுவதும் அன்ரன் அண்ணை. குருநகர்க்காரர். இளவயதில் தகப்பனோடு கடலுக்குப் போனவர், பிறகு இந்த வேலைக்கு வந்து சேர்ந்தார். அவருடைய மனைவி றீற்றா அக்காவுக்குத் தொண்டையில் கட்டி. கதிர்ச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. அவரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, கழுவாத கிண்ணிகளைத் தேடிக்கொண்டு வருவார் அண்ணை. கழுவினதையும் இன்னொரு தடவை கழுவுவார்.

ஒருநாள் கலங்களைச் சுற்றியிருந்த நார்களுக்குச் சாயம் ஏற்றிவிட்டு நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தேன். இருட்டுக்குள் பச்சைப் பச்சையாக இழைகள். அந்த இருட்டுக்குள்ளும் பொழுதுபடுமா, பட்டால் இந்தக் கலங்கள் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். மத்தியானச் சாப்பாடு காய்ந்துபோனது. என்ன பார்க்கிறேன் என்று அன்ரன் அண்ணை கேட்டார். விலகி இடம் கொடுத்தேன். குனிந்தவர் நிமிரவே இல்லை. எனக்கு அடுத்தபடியாக அந்தக் கதிரையில் கனவு கண்டவர் அவர்தான். கடைசியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னார்:

"உது எங்கடை வலைதானே பிள்ளை, சிக்கினது எது, சிக்க வைச்சது எது எண்டுதான் எனக்கு விளங்கேல்லை."

காலை வணக்கம்

மற்ற இடங்களில் காலையில் சுகமா என்று கேட்பார்கள். அன்ரன் அண்ணை வந்ததும் வராததுமாகக் கலப் பெட்டியைக் காட்டி என்னிடம் கேட்பது, "செத்திட்டினமோ?" என்றுதான். இல்லை என்று தலையாட்டுவேன். அவர் முகம் வாடிவிடும். எங்கள் அறையில் மட்டும்தான் சாவு நல்ல செய்தி.

மூச்சு முட்டினால் சாகத்தானே வேண்டும், இவை ஏன் சாகவில்லை என்று ஒருநாள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆறுதலாகச் சொன்னேன். காற்றுக் குறைந்தால் இவை பிடிவாதம் பிடிக்கும். சுற்றிவர இன்னும் நாரைப் பின்னச் செய்யும். நார் தடித்து இறுகினால் இரத்தக் குழாய்கள் நசியும், காற்று இன்னும் குறையும். ஒட்சிசன் இருக்கிற இடத்தில் கதிர் பட்டால் கலம் சீக்கிரமே, வேளைக்குச் சாகும், இல்லாத இடத்தில் கதிரும் சோர்ந்துபோகும், மருந்தும் சோர்ந்துபோகும். அந்த நாரை எப்படி இளக்குவது, அங்கே காற்றை எப்படிக் கொண்டுபோவது என்றுதான் இன்று உலகம் முழுக்கத் தேடுகிறார்கள். நானும் அந்தத் திருவிழாவில் கடைசி ஆளாக நடந்து போகிறேன்.

சொல்லி முடித்தபோது எனக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. இவ்வளவு தெளிவாக நான் யாருக்கும் சொன்னதில்லை. அன்ரன் அண்ணை பெட்டியின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் யாருக்கு எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது அவர் வாய் திறந்த பிறகுதான் எனக்கு உறைத்தது:

"அப்ப றீற்றாவுக்குள்ளையும் காத்துப் படாத இடம் இருக்குமோ, பிள்ளை?"

மேசை விசிறி

அந்த வாரம் ஒரு மருந்தை இட்டுப் பார்க்க இருந்தேன். அதற்காகவே பல வாரமாக வளர்த்த கலங்கள் பெட்டிக்குள் இருந்தன. காலையில் பஸ்ஸால் இறங்கி, அரை நித்திரையில் அறைக் கதவைத் திறக்கிறேன், பெட்டி அபாய மணியாய்க் கூவிக்கொண்டிருக்கிறது. கண்ணாடிக் கதவு விரியத் திறந்து கிடக்கிறது. அலுவலக அறையிலிருந்த மேசை விசிறியை யாரோ கொண்டுவந்து முன்னால் வைத்து, முழு வேகத்தில் உள்ளே அடிக்க விட்டிருக்கிறார்கள். கிண்ணிகளில் கலங்களுக்குச் சாப்பாடான இளஞ்சிவப்புத் தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அன்ரன் அண்ணை, கையைக் கட்டிக்கொண்டு, கோயில் வாசலில் நிற்பதுபோல நின்றார்.

ஐந்து நிமிடம் காற்றுப் பட்டாலே போதும், அந்தக் கலங்கள் பழகின பழக்கமெல்லாம் மாறிவிடும். அவ்வளவும் போச்சு. நான் கத்திய கத்தலில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடிவந்தார்கள். அண்ணை பயப்படவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. விசிறி சரியாகத்தான் உள்ளே அடிக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நீர்தானே சொன்னனீர், காத்துப் பட்டால் வேளைக்குச் சாகும் எண்டு, இண்டைக்கு அவளுக்குக் கடைசி றேடியேசன், அதுதான் இஞ்சையும் திறந்து விட்டனான்."

கடற்காற்று

கொஞ்சக் காலம் நான் அண்ணையோடு சரியாகக் கதைக்கவில்லை. எதிரே வந்தால் கிண்ணிகளை எண்ணுவதுபோல நிற்பேன். கோபம் போய்விட்டது, ஆனால் அந்த "இஞ்சையும்" என்ற சொல் மட்டும் போகவில்லை. இங்கேயும் என்றால், அங்கே எதைத் திறந்துவிட்டார் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

றீற்றா அக்கா கிளினிக்கிலிருந்து நேராக ஆய்வுகூடத்துக்கு வந்த அன்று விடை கிடைத்தது. கட்டி பெரும்பாலும் கரைந்துவிட்டதாம். கொஞ்சம் தடிப்பு மிச்சம் இருக்கிறதாம். அது காய்ந்த தழும்பா, உயிரோடு இருக்கிற கட்டியா என்று அடுத்த ஸ்கானில்தான் தெரியுமாம். இதையெல்லாம் கரகரத்த குரலில் அவரே சொன்னார். அன்ரன் அண்ணை சிலிண்டர் மாற்றப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டார். அதை அவர் முதல் நாளே மாற்றியாயிற்று.

கலங்களைப் பார்க்க வேண்டும் என்றார் அக்கா. நுணுக்குக்காட்டியைச் சரிசெய்து கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். "வடிவாத்தான் இருக்கினம், பாவியள்" என்றார். பிறகு கதிரையில் சாய்ந்துகொண்டு என்மேல் முறைப்பாடு வைத்தார். நான் என்னத்தைச் சொல்லிக் கொடுத்தேனோ, வீட்டில் யன்னல் ஒன்றும் சாத்தக்கூடாதாம், நுளம்பு கடித்துப் பிய்த்து எடுக்கிறதாம். பின்னேரமானால் அண்ணை அவரை இறங்குதுறையில் கொண்டுபோய் இருத்தி, வாயை ஆவென்று திறந்து கடற்காற்றைக் குடிக்கச் சொல்கிறாராம். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்களாம்.

நாங்கள் இழுக்கிற மூச்சு அந்தத் தடித்த நாரைத் தாண்டி உள்ளே போகாது அக்கா, அண்ணைக்கு நான் எடுத்துச் சொல்கிறேன் என்றேன். அக்கா வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்தார். அண்ணை இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்:

"ஒண்டும் சொல்லிப்போடாதையும் பிள்ளை, எனக்கும் அது தெரியும், டொக்டருக்குக் கதிர் இருக்கு, உமக்கு உந்தப் பெட்டி இருக்கு, அந்த மனிசனுக்கும் செய்யிறதுக்கு ஒண்டு வேணுமெல்லே."

புதிதாக வளர்த்த கலங்கள் பெட்டிக்குள் பிடிவாதமாக இருக்கின்றன, கண்ணாடிக் கதவுக்கு இப்போது பூட்டும் போட்டாயிற்று, அந்தப் பூட்டின் திறப்பைப் பத்திரமாக இருக்கட்டும் என்று அன்ரன் அண்ணையிடமே கொடுத்து வைத்திருக்கிறேன்.