ஆர்மிடான் கம்பெனிக்குப் பெண் பார்த்த பாய்

நாற்காலி மேல் ஏறி நின்று, பெயர்ப்பலகையில் கடைசி வரியை மட்டும் மறைத்துத் தொங்கிய துணியைச் சுருட்டி மேலே கட்டினார் ஜான் பாஷா. 'இங்கு சர்வர் கிடைக்கும்' என்ற எழுத்துகள் வெளியே வந்தன. எதிர் டீக்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த செல்லமுத்து கையை நிறுத்தினார்.

"இன்னா பாய், இன்னிக்கு உண்டா?"

"உண்டுண்ணா. காலைல மெயில் வந்துச்சு."

"நேத்து இல்லன்னியே?"

"அது நேத்து."

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் ஆர்மிடான் கம்ப்யூட்டருக்கு பாஷாதான் ஏஜென்ட். வீட்டுக்கு வாங்கும் கம்ப்யூட்டரில் கம்பெனிக்குக் குழப்பமே இல்லை. ஓர் ஆபீசின் எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் தாயாக நடுவில் உட்காரும் சர்வர் பெட்டி விஷயத்தில்தான் அதற்கு மனம் நிலைகொள்ளாது. தை மாதம் 'சர்வரே எங்கள் உயிர்' என்று எழுதும். மாசியில் 'சர்வர் தொழிலை மறுபரிசீலனை செய்கிறோம்' என்று எழுதும். ஒவ்வொரு கடிதத்துக்கும் பெயிண்டரைக் கூப்பிட்டு மாளாமல்தான் பாஷா துணி கட்டினார். மனைவி நூர்ஜகானின் பழைய நைட்டி அது. பூப்போட்டது.

பாஷா தொப்பை இடிக்க டி.வி.எஸ்.ஸில் குனிந்து உட்கார்ந்து போவார். பின்னால் பெட்டி இருந்தால், பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றியதைப் போல மேடு பள்ளத்தில் இறங்கித் தள்ளுவார். சென்னை ஆபீசுக்கு போன் போட்டால் எழுந்து நின்றுதான் பேசுவார். "கரியாலூர் மலைல மழை வர்றதுகூட முன்னாடியே தெரியுது சார். ஒங்க மனசு தெரியலியே."

அவர் விற்ற ஒரே சர்வர் சின்னசேலத்தில், லட்சுமியம்மாளின் ஜவ்வரிசி ஆலையில் இருந்தது. கிழங்கு லாரிகளின் எடை, மாவுச்சத்துப் பாயிண்ட் எல்லாம் அதற்குள்தான். அந்த அம்மாளுக்கு இப்போது இன்னும் இரண்டு பெட்டி தேவை. அதற்குள் மாசிக் கடிதம் அவர் காதுக்கு எட்டிவிட்டது.

"கம்பெனி யாருன்னு எனக்குத் தெரியாது பாய். நீ சொன்னன்னு வச்சேன். அவன் ஓடிப்போனான்னு வை, பெட்டிய ஒன் கடை வாசல்ல எறக்கிட்டு, சின்னசேலம் பூரா சொல்லிக்கினுதான் வூட்டுக்குப் போவேன்."

சொன்னதைச் செய்கிறவர். அப்புறம் சின்னசேலத்தில் ஒரு மவுஸ்கூட விற்க முடியாது. மூன்று நாள் பாஷாவுக்குப் பிரியாணி இறங்கவில்லை. நான்காம் நாள் கொஞ்சம் இறங்கியது.

2007 மார்ச் கடைசி அது. மேற்படிப்பு இட ஒதுக்கீட்டுக்குக் கோர்ட்டு தடை போட்டதைக் கண்டித்துச் சனிக்கிழமை மாநிலம் முழுக்கக் கடையடைப்பு என்றார்கள். மகள் அஸ்ரின் பிளஸ் டூ முடித்திருந்ததால், பாஷா வெள்ளி இரவே ஷட்டரை மனதார இறக்கினார். இறக்கும்போதே ஒரு யோசனை வந்தது. லட்சுமியம்மாளுக்கு நேரில் வாக்குக் கொடுக்கச் சொல்லி, அன்று காலையே கம்பெனியின் சென்னை அதிகாரி ஸ்ரீகாந்தை போனில் நச்சரித்துப் பஸ் ஏற்றியிருந்தார். மறுநாள் பஸ் ஓடாது, ஓட்டல் திறக்காது. மனிதர் எங்கேயும் போக முடியாது.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு, இரவு லாட்ஜில் தங்கிப் பசியில் கண் இருண்ட ஸ்ரீகாந்தை டி.வி.எஸ்.ஸில் ஏற்றிக்கொண்டு, மறியல் இல்லாத வயல்பாதையாகச் சுற்றி லட்சுமியம்மாள் வீட்டில் இறக்கினார். மூன்று முறை சாம்பார் வாங்கிக்கொண்ட பிறகுதான் அதிகாரிக்குப் பேச்சு வந்தது.

"மேடம், போர்டு மீட்டிங்ல முடிவு பண்ணி மெயில் பண்றோம்."

"பொண்ணப் பாத்துப்புட்டு, பஜ்ஜிய துன்னுப்புட்டு, ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்னு சொல்ற மாப்ள வூடு மாதிரியே பேசுறீங்களே தம்பி!"

"அப்டியில்ல மேடம்..."

"பத்து வருசம் கூட நிப்பீங்களா, மாட்டீங்களா? நிப்பீங்கன்னா தட்ட மாத்திக்கலாம். ரெண்டு பெட்டிக்கு இப்பவே கையெழுத்து போடுறேன்."

வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், நடுவில் ஆர்டர் பாரம் வைத்த தட்டு வந்தது. வாழைப்பழத்தின் மேல் குங்குமம்கூட இருந்தது.

"சார், புடிங்க சார்," என்று பாஷா அதிகாரியின் காதுக்குள் கெஞ்சினார். "சாயங்காலம் வரைக்கும் பஸ் இல்ல. புடிக்கலன்னா மதிய காபியும் இல்ல."

ஸ்ரீகாந்த் சிரித்துவிட்டார். "சரி, நிப்போம் மேடம்" என்று ஒரு கையால் தட்டின் விளிம்பைப் பிடித்தார். அந்த அம்மாள் முகம் மலர்ந்து, எதிர் விளிம்பை ஒரு கையால் பிடித்தபடி மறுகையால் பாரத்தில் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். 'லட்சுமி' வரை வந்தபோது அதிகாரியின் செல்போன் அடித்தது. சென்னை ஆபீஸ்.

"எஸ் சார்... இப்பவா சார்?... சர்வரையே மொத்தமாவா சார்?"

முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கியது. ஒரு கையில் தட்டும் மறுகையில் போனுமாக, அவர் லட்சுமியம்மாள் பக்கம் திரும்பினார்.

"மேடம், ஒரு சின்ன..."

ஜான் பாஷா தட்டிலிருந்து இரண்டு வெற்றிலையை எடுத்துப் பாக்கோடு மடித்து, திறந்திருந்த அந்த வாயில் திணித்தார். பிறகு ஒரே விரலால், மிக மரியாதையாக, அதிகாரியின் தாடையை மேலே தள்ளி மூடினார்.