சிவப்பு வட்டம் போட்ட போத்தல்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதச் சனிக்கிழமை. நெடுங்கேணியில் இருந்து உள்ளே போகிற ஒரு விவசாய ஊரில் இது நடந்தது. பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த காலம். சும்மா இருப்பது எனக்குச் சரிவராத காரியம். கதிரையில் உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். அதனால், சனங்களின் சாப்பாட்டுப் பழக்கத்தைப் பற்றிய ஓர் ஆய்வுக்கு வீடு வீடாய்ப் போய்க் கேள்வி கேட்க ஆட்கள் வேண்டும் என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய்ச் சேர்ந்துவிட்டேன்.

வேலை இதுதான். நேற்று விடிந்ததில் இருந்து இன்று விடியும்வரை என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்க வேண்டும். சொல்வதை, தந்திருந்த டெப்பில், அந்தத் தொடுதிரைப் பலகையில், பதிய வேண்டும். பிறகு, பொருட்களின் லேபிளை வாசிக்கத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காக எங்கள் பையில் சில மாதிரிப் பொருட்கள் தந்திருந்தார்கள். சீனிக்குச் சிவப்பு வட்டம் போட்ட ஒரு சோடாப் போத்தல், பச்சை வட்டம் போட்ட ஒரு பிஸ்கட் பக்கற், இப்படி. அவற்றைக் காட்டி, இந்த நிறம் எதைச் சொல்கிறது என்று கேட்போம். பொருட்களை உடைக்கக் கூடாது, மூடியைக்கூடத் திறக்கக் கூடாது. மாலையில் எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஒரு வீட்டுக்கு நாற்பது நிமிடம் எடுக்கும் என்று பயிற்சியில் சொன்னார்கள். நான் இருபத்தைந்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. ஆட்கள் யோசித்துக்கொண்டு நின்றால் எனக்குப் பொறுக்காது. சோறு என்று தொடங்கினால், "பருப்போ, சொதியோ?" என்று நானே எடுத்துக் கொடுத்துவிடுவேன். அப்படிச் செய்யக் கூடாது என்பதும் பயிற்சியில் சொன்னதுதான்.

அன்று காலை முதல் மூன்று வீடுகளிலும் ஒரே பதில். நேற்று வெள்ளிக்கிழமை என்பதால் மீன் இல்லை, முட்டை இல்லை, மரக்கறிதான். இரண்டு வீட்டில் பெண்கள் ஒரு நேரம்தான் சாப்பிட்டிருந்தார்கள். சாப்பிடாத நேரத்துக்குக் காரணம் கேட்டால் 'விரதம்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமத்தி அமத்தி என் விரல் பழகிப்போய்விட்டது. எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை அப்படித்தான் என்பதால் எனக்கு இதில் யோசிக்க எதுவும் இருக்கவில்லை.

நாலாவது வீட்டுக்குப் போகும்போது ஒன்பது மணி இருக்கும். சோளகக் காற்று முற்றத்துப் புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா தனியே இருந்தார். கணவர் வயலுக்குப் போய்விட்டாராம். எனக்குக் கதிரையைத் துடைத்துப் போட்டார்.

"நேற்றுக் காலமை என்ன அன்ரி சாப்பிட்டனீங்கள்?"

"பிளேன்டீ. சீனி போடேல்லை."

"மத்தியானம்?"

அவர் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார். இரவு இரண்டு பிஸ்கட் என்றார். இன்று காலை என்ன என்றேன். இன்னும் ஒன்றும் இல்லை என்றார். எனக்கு அடுத்த வீட்டு அவசரம்.

"நேற்று வெள்ளி. விரதந்தானே அன்ரி?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு, "ஓம் பிள்ளை, விரதம் எண்டு போடுங்கோ" என்றார். போட்டேன்.

நோய், வருத்தம் ஏதும் இருக்கிறதா என்ற கேள்விக்கு, சலரோகம், சீனி வருத்தம் இருக்கிறது, காலமை ஊசி போட்டாயிற்று என்றார். அதையும் பதிந்தேன். "இது கிளினிக்குக்குப் போகுமோ?" என்று கேட்டார். போகாது, பயப்பட வேண்டாம் என்றேன். ஏன் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை.

லேபிள் கேள்விகளில் அவர் கெட்டிக்காரி. சோடாப் போத்தலை நீட்டினேன். வாங்கும்போது அவர் கை மெல்ல நடுங்கியது. வயது போனவர்களுக்குக் கை நடுங்காதா என்று நினைத்துக்கொண்டேன்.

"சிவப்பெண்டால் சீனி கூட. எங்களுக்குக் கூடாது. பச்சை எண்டால் நல்லது" என்றார்.

முழுப் புள்ளி. அந்தக் காலையில் எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்ன ஒரே ஆள் அவர்தான். மதம் என்ற கேள்வியைக் கேட்காமலே 'இந்து' என்று தட்டிவிட்டு எழுந்தேன். அந்த ஊரில் எல்லாருக்கும் அப்படித்தான் தட்டிக்கொண்டு வந்தேன்.

பதினொரு மணிக்கு நெடுங்கேணிச் சந்தையடியில் எங்கள் ஆய்வுக் குழுவின் வான் நின்றது. படிவங்களை ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும். அனுப்பினால் பிறகு திருத்த முடியாது. நான் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தபோது நாலாவது வீட்டில் விரல் நின்றது. அந்த வீட்டு வாசலுக்கு மேலே ஒரு படம் இருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சின்ன மின்குமிழ் பூட்டி, பிளாஸ்ரிக் மல்லிகை மாலை போட்ட மாதா படம். அதற்குக் கீழேதான் இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன்!

மாதா படம் வைத்திருக்கிற வீட்டில் வெள்ளிக்கிழமை என்ன விரதம்? தவக்காலமும் முடிந்து எத்தனையோ நாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த நேரம் நான் அவருக்காகப் பயப்படவில்லை. எங்கள் மேற்பார்வையாளர் சில வீடுகளுக்குத் திரும்பப் போய் நாங்கள் பதிந்தது சரியா என்று பார்ப்பார். இந்த வீடு அகப்பட்டால் என் மானம் கப்பலேறிவிடும். அதுதான் பயம்.

"சேர், ஒரு வீட்டை திரும்பப் பாத்திட்டு வாறன்" என்று வானில் இருந்த மேற்பார்வையாளரிடம் சொன்னேன்.

"என்ன விளையாடுறீரோ? அடுத்த ஊருக்கு நேரம் போச்சு. ஏறும்."

"நீங்கள் போங்கோ சேர். நான் ஓட்டோவிலை பின்னாலை வாறன்."

அவர் ஏசிக்கொண்டிருக்கும்போதே இறங்கி ஓர் ஓட்டோவைப் பிடித்துவிட்டேன்.

ஓட்டோவில் போகும்போதுதான் மற்றது மண்டையில் ஏறியது. என் அப்பாவுக்கும் சலரோகம். அவரும் ஊசி போடுகிறவர். ஊசி போட்டு அரை மணித்தியாலத்தில் சாப்பாடு வராவிட்டால் அம்மா வீட்டை இரண்டாக்கிவிடுவார். ஒருநாள் சாப்பாடு பிந்தி, இரத்தத்தில் சீனி இறங்கி அப்பா வேர்த்து விறுவிறுத்துப் போனதையும், அம்மா சீனித் தண்ணீர் பருக்கியதையும் நானே பார்த்திருக்கிறேன். இந்த அம்மா நேற்று முழுநாளும் இரண்டு பிஸ்கட்டோடு இருந்திருக்கிறார். இன்று காலை ஊசியும் போட்டிருக்கிறார். அதை என்னிடம் வாயால் சொல்லியும் இருக்கிறார். நான் ஒன்றை ஒரு பக்கத்திலும் மற்றதை இன்னொரு பக்கத்திலும் பதிந்துவிட்டு, கை நடுங்குவதையும் பார்த்துவிட்டு, போய்வாறன் என்று கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

"அண்ணை, கெதியாப் போங்கோ" என்றேன். மூன்றாவது தடவை சொன்னபோது அவர் திரும்பி, "தங்கச்சி, இது ஓட்டோ, பிளேன் இல்லை" என்றார். றோட்டு முழுக்கக் கிடங்கு. அந்தத் தூரம் முடியவே மாட்டேன் என்றது.

வாசலில் நின்று கூப்பிட்டேன். சத்தம் இல்லை. உள்ளே போனால், குசினிக் கதவு நிலையில் சாய்ந்தபடி நிலத்தில் இருந்தார். அந்தக் காற்றிலும் சேலையெல்லாம் வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. முகம் வெளிறிப்போயிருந்தது. கண் திறந்திருந்தாலும் என்னை அடையாளம் தெரியவில்லை.

"வந்திட்டியே பிள்ளை... வயித்து நோ தொடங்கீட்டுதோ?" என்று யாரோ மகளோடு கதைப்பதுபோல என்னோடு கதைத்தார்.

குசினிக்குள் பாய்ந்தேன். ஒவ்வொரு டின்னாகத் திறந்தேன். உப்பு, மிளகாய்த்தூள், மா, தேயிலை. சீனியைக் காணவில்லை. சீனி போட்டு வைக்கிற போத்தல் யன்னலடியில் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. அந்த வீட்டில் இனிப்பு என்று சொல்ல ஒரு துளி இல்லை. தட்டில் பச்சை வட்டம் போட்ட பிஸ்கட் பக்கற் மட்டும் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்கு ஓடுவோம் என்று திரும்பும்போது தோளில் கிடந்த பை நிலையில் இடித்து 'டங்' என்றது.

போத்தல்!

மூடியை ஒரே திருகாகத் திருகினேன். வெயிலில் சூடேறியிருந்த சோடா பொங்கி என் சட்டையெல்லாம் ஊற்றியது. மிச்சத்தை அவர் வாயருகே கொண்டுபோனேன். அவர் முகத்தைத் திருப்பினார். ஆளை அடையாளம் தெரியாத அந்தக் கண்ணுக்குப் போத்தலில் இருந்த வட்டம் மட்டும் தெரிந்தது.

"சிவப்பு பிள்ளை... எனக்குக் கூடாது..."

காலையில் இதே பதிலுக்குத்தான் நான் முழுப் புள்ளி போட்டேன். இப்போது அந்தப் பதில் அவரைக் கொன்றுவிடும்போல இருந்தது.

"இப்ப நீங்கள் இதைக் குடிக்கத்தான் வேணும் அன்ரி!"

வாயை இறுக்கிக்கொண்டார். கெஞ்சினேன், ஏசினேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் வாசல் பக்கம் கையைக் காட்டி, "மாதாவாணை அன்ரி, ஒரு வாய் குடியுங்கோ" என்று கத்தினேன். அது எங்கே போய்ப் பட்டதோ, வாயைத் திறந்தார். ஒரு மிடறு. புரை ஏறாமல் விழுங்குகிறாரா என்று பார்த்து இன்னொரு மிடறு. ஓட்டோக்கார அண்ணை ஓடிவந்து பின்னால் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அரைப் போத்தல் போக எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது. என் வாழ்க்கையில் யாருக்காகவும் அவ்வளவு மெதுவாக நான் எதையும் செய்ததில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக அவருடைய பார்வை ஓர் இடத்தில் நின்றது. என்னைப் பார்த்தார். என் நனைந்த சட்டையைப் பார்த்தார். போத்தலைப் பார்த்தார்.

"ஐயோ, உங்கடை சாமானை உடைச்சிட்டியளே" என்றார்.

நான் ஓவென்று அழுதுவிட்டேன். அவர் என் தலையைத் தடவினார். யார் யாருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

பிஸ்கட்டைக் கொடுத்துச் சாப்பிட வைத்து, கணவருக்குச் சொல்லும்படி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, அதே ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில்தான் விசயத்தைச் சொன்னார். அவர் முல்லைத்தீவுக் கரையோரத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். மூத்த மகள் அங்கேயே கலியாணம் முடித்து, முதல் பிள்ளைக்காக நாள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். திங்கட்கிழமை இவருக்குக் கிளினிக்.

"போனமுறை சீனி நல்லாக் கூடிப்போச்சு. இந்தமுறையும் கூடினால் ஆஸ்பத்திரி வோட்டிலை மறிச்சுப்போடுவினம் பிள்ளை. பிறகு அவளின்ரை பிள்ளைப்பேறுக்கு ஆர் நிக்கிறது? அதுதான், மூண்டு நாள் வாயைக் கட்டினால் குறைச்சுக் காட்டும் எண்டு..."

"ஏன் அன்ரி எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லத்தான் யோசிச்சனான். நீங்கள் விரதமோ எண்டு கேட்டியள். அப்பிடியே ஓமெண்டு சொல்லுறது சுகமாயிருந்தது."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. இருந்ததைச் சொன்னார். எனக்குத்தான் ஓட்டோவுக்குள் இருக்கமுடியாமல் போனது.

ஆஸ்பத்திரியில் பார்த்த டொக்டர் அவரை ஏசவில்லை. ஊசியைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் உயிருக்கே ஆபத்து என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புவோம், மகளிடம் தாராளமாகப் போகலாம் என்றார். அதைக் கேட்டபிறகுதான் அந்த அம்மா கட்டிலில் முதுகைச் சாய்த்தார். நான் கிளம்பும்போது என் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மாலையில் மாதிரிப் பொருட்களை எண்ணியபோது ஒரு போத்தல் குறைந்தது. நடந்ததைச் சொன்னேன். 'விரதம்' என்று நானே எடுத்துக் கொடுத்ததையும், மதத்தைக் கேட்காமல் தட்டியதையும் மறைக்காமல் சொன்னேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன். மேற்பார்வையாளர் என் டெப்பை வாங்கி அந்தப் படிவத்தைப் பார்த்துவிட்டு, "இண்டைக்குச் செய்த எல்லா வீட்டுக்கும் திரும்பப் போம். ஒரு வீட்டுக்கு நாற்பது நிமிசம். குறையக் கூடாது" என்றார். போனேன். வெள்ளிக்கிழமைப் பெண்கள் எல்லாரிடமும், இந்த முறை காரணத்தை நான் சொல்லாமல், வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அது எவ்வளவு கடினம் என்று என்னைப்போல் அந்தரப்படுகிற ஆட்களுக்குத்தான் தெரியும்.

மூன்று கிழமை கழித்துத் தெரியாத நம்பரில் இருந்து அழைப்பு வந்தது. பின்னால் கடல் காற்றின் இரைச்சல், ஒரு குழந்தையின் அழுகை.

"பிள்ளை, நான்தான், போத்தல் உடைச்ச அன்ரி. பேத்தி பிறந்திட்டாள். தாயும் சுகம். நான் பக்கத்திலை நிண்டனான்." சந்தோசத்தில் கதிரையில் இருந்து எழும்பிவிட்டேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே தொடர்ந்தார். "காலமை நாலு இடியப்பம், சொதி, ஒரு முட்டை. அதுக்குப் பிறகுதான் மற்ற அலுவல். எழுதிக்கொள்ளுங்கோ."

எழுதிக்கொண்டேன். இப்போதும் கேள்வி கேட்கிற வேலைதான் செய்கிறேன், இப்போதும் கதிரையில் உட்கார்ந்தால் கால் ஆடுகிறது. ஆனால் யாராவது "ஓம்" என்று சொன்னால், அது அவர்களுடைய "ஓம்" தானா, நான் அவர்கள் வாயில் வைத்த "ஓம்" ஆ என்ற பதற்றம் தீரும்வரை என் விரல் அந்தப் பொத்தானில் படுவதில்லை.