நான் இழைத்த கதவு

எங்கள் வீட்டில் ஒரு கதவு இரண்டு மழைக்காலம் சாத்தாமலே நின்றது. எங்கள் வீடு என்று எழுதிவிட்டேன், பழக்கதோஷம். வில்லாபுரத்தில் இருக்கும் அந்த வீடு அப்பா கட்டியது. இப்போது அது அண்ணன் வீடு. நான் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்து அங்கே ஒண்டிக்கொண்டவள். ஏன் திரும்பினேன் என்று என்னிடம் கேட்காதவர்கள் அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை. இங்கேயாவது அந்தப் பேச்சு வேண்டாம்.

எனக்கு ஒதுக்கியது பின்பக்க அறை. வீட்டோடு ஒட்டாமல் கொல்லையில் தனியாக நிற்கும். தெருவிலிருந்து பக்கவாட்டுச் சந்து வழியாகவே அதற்கு வந்துவிடலாம். மின்விசிறி உண்டு, ஜன்னல் உண்டு, ஒரு குளியலறையும் உண்டு. கதவும் இருந்தது, சாத்தத்தான் முடியாது. வேப்பமரக் கதவு, மழை ஈரத்தில் ஊதிப்போய் நிலையில் முட்டிக்கொண்டு நாலு விரல் இடைவெளியோடு நின்றுவிடும். வெயில் காலத்தில் இடைவெளி இரண்டு விரலாகக் குறையும், அவ்வளவுதான். தாழ்ப்பாள் அதன் துளையை ஒரு நாளும் பார்த்ததில்லை.

போதாததற்கு, தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் அந்த அறைக்குள் இருந்தது. மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் தீர்ந்தால் அண்ணன் வருவார். அவர் மனைவி, என் மதினி, வருவார். அவர்கள் கைவேலையாக இருந்தால் வீட்டுக்கு வந்த விருந்தாளி வருவார். ஒருநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்ப, சேலையை அரையும் குறையுமாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது அண்ணனின் சிநேகிதர் சுவிட்சைப் போட உள்ளே வந்துவிட்டார். பாவம், பதறிப்போய் வந்த வழியே ஓடினார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சாயங்காலம் அண்ணனிடம் சொன்னேன்.

"தெரியாமத்தான வந்தான். அதுக்கு எதுக்குத்தா இம்புட்டுப் பேச்சு? ஆசாரிட்ட சொல்லிருக்கேன். நாளைக்கு வாரேன்னுருக்காரு" என்றார்.

சுவிட்சை வெளியே மாற்றலாமே என்றால், சுவரெல்லாம் உடைக்கவேண்டும் என்பார். கதவைக் கேட்டால் ஆசாரி. அந்த ஆசாரிக்குப் பொங்கலுக்கு முன்பு தலைக்கு மேல் வேலை, சித்திரைத் திருவிழாவின்போது சொந்த ஊர்ப் பயணம், ஆடியில் உடம்பு சரியில்லை. எப்போது கேட்டாலும் நாளைக்கு வாரேன் என்று சொல்லியிருப்பார். நானும் பிளாஸ்டிக் நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத் தூங்கினேன்.

உடை மாற்றுவதற்காக மட்டும் எனக்குத் தாழ்ப்பாள் தேவைப்படவில்லை. சொல்வதற்கு என்ன, அழுவதற்காக. திறந்த கதவுக்குப் பின்னால் அழ முடியாது. கண்ணைத் துடைப்பதற்குள் யாராவது மோட்டார் போட வந்து நிற்பார்கள். "இன்னும் அதையேதான் நெனச்சுக்கிட்டு இருக்கியா?" என்று மதினி கேட்பார். அதற்குப் பிறகு புத்திமதி. அதைக் கேட்பதற்குப் பயந்தே நான் அழுகையை அடக்கிப் பழகினேன். அடக்கியது எல்லாம் தலைவலியாக வந்தது.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வட்டமாக வரும் கண்ணாடியைச் சுற்றும் கல்லில் பிடித்து, ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்துக் கொடுப்பேன். கொஞ்சம் தேய்க்கவேண்டும், ஃபிரேமில் வைத்துப் பார்க்கவேண்டும், மறுபடி கொஞ்சம் தேய்க்கவேண்டும். அதிகம் போய்விட்டால் கண்ணாடி குப்பைக்குத்தான். இரண்டாவது மழைக்காலத்தின் நடுவில், ஒரு கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் தோன்றியது, கதவும் இப்படித்தானே என்று. நிலைதான் ஃபிரேம். எனக்கு இத்தனை நாள் இது தோன்றாமல் போனதே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

மரத்தைச் சீவ இழைப்புளி வேண்டும். மாசி வீதிப் பக்கம் ஒரு இரும்புக்கடைக்குப் போனேன். கடைக்காரர் என் கைப்பையையும் என்னையும் பார்த்துவிட்டு, "ஆசாரி என்ன சைஸ் கேட்டாருக்கா?" என்றார்.

"ஆசாரி கேக்கல. நான்தான் கேக்குறேன்."

மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று மரக்கட்டையில் ஆப்பு அடித்த பழைய மாதிரி. அதில் சீவும் தகட்டை முன்னே தள்ளவும் பின்னே இழுக்கவும் சுத்தியலால் தட்டவேண்டும். தட்டிப் பழகிய கைக்குத்தான் அது ஆகும். இன்னொன்று உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன இரும்பு இழைப்புளி. தூக்கச் சுளுவாக இருந்தது, ஆனால் அவ்வளவு குட்டையானதைக் கதவின் நீளத்துக்கு ஓட்டினால் மேடு பள்ளத்தோடு அதுவும் ஏறி இறங்கும். மூன்றாவது, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளம். இரும்பு உடம்பு, பின்னால் கைப்பிடி, முன்னால் ஒரு குமிழ், தகட்டை நகர்த்த ஒரு திருகு. திருகு இருப்பதைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

அந்த மாதிரியில் இரண்டை வாங்கி, பையிலிருந்த இரும்பு ஸ்கேலை அடிப்பாகத்தில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். ஒன்றில் நடுவே வெளிச்சம் கசிந்தது. மற்றதில் கசியவில்லை. அடிப்பாகம் நேராக இல்லாத இழைப்புளி எதையும் நேராகச் சீவாது என்பதைச் சொல்ல ஆசாரி தேவையில்லை.

"கண்ணாடி வாங்க வந்த மாதிரில்லக்கா பாக்குறீங்க" என்று கடைக்காரர் சிரித்தார்.

"பொழப்பே அதுதான்" என்றேன். கூடவே ஒரு சாணைக்கல்லும் வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தேன். பெட்டியிலிருந்து எடுத்த தகடு மழுங்கலாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்த்ததால் முதலில் கல்லில் தீட்டினேன். கூர் வந்தது. ஆனால் தகட்டை இழைப்புளிக்குள் தலைகீழாக மாட்டிவிட்டேன். சரிவாகத் தீட்டிய பக்கம் கீழே இருக்கவேண்டும், நான் மேலே வைத்திருந்தேன். அது சீவாமல் கதவைப் பிறாண்டிக்கொண்டே இருக்க, நான் அதைக் கண்டபடி திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு திருப்பி மாட்டினேன். இப்போது தகடு அதிகம் நீட்டிக்கொண்டு மரத்தில் சிக்கி நின்றது. திருகைப் பின்னுக்குத் திருகி, தடவினால் விரலுக்கு மட்டும் தட்டுப்படும் அளவுக்கு வைத்தேன். அப்போது வந்தது முதல் சுருள், வெங்காயத் தோல் மாதிரி.

எங்கே சீவுவது என்று கண்டுபிடிக்க நிலையின் உள்விளிம்பில் சாக்பீஸைத் தேய்த்தேன். கதவை முட்டும் வரை சாத்தித் திறந்தால், கதவில் எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் முட்டுகிறது. அங்கே மட்டும் சீவவேண்டும். பெயின்ட்டை முதலில் சுரண்டி எடுக்காவிட்டால் தகட்டின் கூர் போய்விடும். வேம்பு சொன்ன பேச்சுக் கேட்காத மரம். ஒரு பக்கமாக ஓட்டினால் நார் நாராகப் பிய்ந்து வரும், எதிர்ப்பக்கமாக ஓட்டினால் வழவழவென்று போகும். திரை மாட்ட எப்போதோ அடித்த ஆணி ஒன்று பெயின்ட்டுக்குள் ஒளிந்திருந்து தகட்டின் விளிம்பைக் கடித்துவிட்டது. கதவைக் கழற்றி மேல்விளிம்பைச் சீவியபோது ஒரே தள்ளாகக் கடைசி வரை ஓட்டி, மூலையில் ஒரு சில்லைப் பெயர்த்துவிட்டேன். அங்கே இரண்டு முனையிலிருந்தும் நடுவை நோக்கி வரவேண்டும் என்று அந்தச் சில்லு போன பிறகுதான் புரிந்தது. பிளாஸ்டிக் கைப்பிடி உள்ளங்கையில் கொப்புளம் போட்டது. வேப்பம்தூள் வாயெல்லாம் கசந்தது.

மதினி துணி காயப்போட வரும்போதெல்லாம் நின்று பார்ப்பார். "ஒனக்கு எதுக்கு இந்த வேல? ஆசாரிதான் நாளைக்கு வாராருல்ல?" நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஞாயிறு தோறும் சீவினேன், சாத்திப் பார்த்தேன், மறுபடி சீவினேன்.

கடைசியில் ஒரு மத்தியானம் கதவு நிலைக்குள் போய் உட்கார்ந்தது. தாழ்ப்பாளை ஒரு விரலால் தள்ளினேன், போய்விட்டது. உள்ளே கட்டிலில் உட்கார்ந்து அந்தத் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அழலாம், யாரும் வரமுடியாது. அழுகைதான் வரவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் மோட்டார் போட வந்தார். தள்ளிப் பார்த்தார், திறக்கவில்லை. பிறகு தட்டினார். அந்த வீட்டில் ஒருவர் என் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை. திறந்தேன். அவர் சுவிட்சை மறந்துவிட்டு, கதவைச் சாத்துவதும் திறப்பதுமாக நின்றார்.

"நல்லா வந்துருக்கே, தாயி. மழைக்கும் முட்டாதுல்ல?"

"முட்டாதுண்ணே" என்றேன். பாராட்டு என்று நினைத்து, அசடு மாதிரி சிரித்துக்கொண்டே அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

அந்த வாரமே ஒரு ராத்திரி, சாப்பிடும்போது சொன்னார். "பின்னாடி ரூம வாடகைக்குக் கேக்குறாக. ஒரு நர்ஸ் புள்ள. தனி வழி, பாத்ரூம், கதவு கிதவெல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிட்டேன். நீ ஹால்ல எங்களோட படுத்துக்கத்தா. அங்குட்டுத் தனியாக் கெடக்குறது பயமாத்தான இருக்கும்?"

"அந்த வாடகைய நான் தாரேண்ணே" என்றேன்.

"கூடப் பொறந்தவகிட்ட வாடகை வாங்குறான்னு ஊரே காறித் துப்பவா? என்ன பேச்சு பேசுற?" அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. மதினி குழம்பை அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். தங்கை என்பதால் வாடகை வாங்க முடியாது. தங்கைதானே என்பதால் அறையைக் காலி செய்யச் சொல்லலாம். இரண்டையும் ஒரே வாயால் சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகக் கை கழுவினார்.

மறுநாளே எலக்ட்ரீஷியன் வந்தார். எந்தச் சுவரையும் உடைக்காமல், ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாக வயரை இழுத்து, காபி ஆறுவதற்குள் மோட்டார் சுவிட்சை வெளியே மாற்றிவிட்டுப் போனார். அதற்கடுத்து, புதுப் பூட்டு வைக்க ஆசாரி வந்தார். அந்த ஆசாரியேதான். கதவின் விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"இத யாரு இழைச்சது?"

"நான்தான்."

"பரவால்லத்தா. மூலையிலதான் லேசாப் பேந்துருக்கு. எனக்கு ஒரு வார்த்த சொல்லிருந்தா வந்து முடிச்சுருப்பேன்ல?"

"ரெண்டு வருசமாச் சொல்லிக்கிட்டுத்தான இருக்காக?"

"என்கிட்டயா? இன்னைக்குக் காலையிலதான்த்தா போன் வந்துச்சு" என்றார்.

அண்ணன் அங்கேதான் நின்றார். செல்போனை எடுத்துப் பார்த்துக்கொண்டே சந்துப் பக்கம் நடந்துவிட்டார்.

அவர் கஞ்சர் இல்லை. மறதிக்காரரும் இல்லை. கதவைச் சரிசெய்து கொடுத்தால் நான் அங்கேயே தங்கிவிடுவேன் என்று பயந்திருக்கிறார். வாய்விட்டுப் போ என்று சொல்ல மனம் வராமல், கதவைச் சாத்தாமல் வைத்திருந்தார். நான்தான் புரிந்துகொள்ளாமல் இழைப்புளி வாங்கினேன்.

ஹாலில் சில மாதம் படுத்தேன். டிவி அணைந்த பிறகு, பின்பக்கம் அந்த நர்ஸ் பெண் தாழ்ப்பாள் போடும் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்கும். இழுபறி இல்லாமல், ஒரே தள்ளில். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத ஆசைதான். கோபம் இருந்தது. ஒவ்வொரு ராத்திரியும் இருந்தது.

பிறகு வீடு தேடினேன். போன இடத்திலெல்லாம் "கூட யாரு இருப்பா?" என்பதுதான் முதல் கேள்வி. யாரும் இல்லை என்றதும் அறை ஏற்கெனவே பேசி முடிந்ததாகிவிடும். செல்லூரில், விசைத்தறி ஓடும் ஒரு வீட்டின் மாடியில் கடைசியாகக் கிடைத்தது. பகலெல்லாம் தறிச் சத்தத்தில் தரை அதிரும். கதவு தகரக் கதவு. அதில் இழைப்புளிக்கு வேலையே இல்லை. ஆனால் சாத்தும், தாழ்ப்பாளும் விழும். இழைப்புளிக்கு எண்ணெய் தடவி, பழைய துணியில் சுற்றி, அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன்.

போன மழைக்கு அண்ணன் போன் செய்தார். நலம் விசாரித்தார், கடை வேலை எப்படி இருக்கிறது என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"வாசக் கதவு முட்டுதுத்தா. ராத்திரியில பூட்டவே முடியல. அந்த இழைப்புளிய எடுத்துக்கிட்டு ஒரு எட்டு வந்துட்டுப் போயேன். உனக்குத்தான் கை பழகிருச்சே."

அவர் குரலில் சங்கடம் எதுவும் இல்லை. நடந்தது ஒன்றும் அவருக்கு நினைவில்லையோ என்றுகூடத் தோன்றியது.

"ஆசாரிட்ட சொல்லிருக்கேண்ணே" என்றேன். "நாளைக்கு வாரேன்னுருக்காரு."

கீழே தறி ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் மெதுவாக, "சரித்தா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். அதன் பிறகுதான் அழுதேன்.