துக்கம் என்று கேட்ட துள்ளல்

அந்த மனிதரை நான் வெறுத்தேன். இத்தனை வருடம் கழித்தும் அதில் எதையும் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் பேரெடுத்த வழக்கறிஞர் அவர். வாவிக்கு மேலே சரிவில் வீடு. ஞாயிறு பின்னேரங்களில் துரைமாரையும் துரைசானிகளையும் அழைத்து, சீமையிலிருந்து தருவித்த இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டுவார். போன நூற்றாண்டு ஜெர்மன்காரர்கள் பெரிய வாத்தியக் குழுவுக்கு எழுதிய சிம்பொனிகள். தட்டின் ஒரு பக்கம் நாலு நிமிடம்தான் ஓடும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஊசி மாற்ற வேண்டும், கிராமபோனுக்குச் சாவி கொடுக்க வேண்டும். அதற்கு நான். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை, மாதா கோயிலில் ஆர்கன் வாசிப்பவள். அவர் பள்ளிக்கூடக் கமிட்டியில் இருந்ததால் மறுக்க முடியவில்லை.

ஒரு ஞாயிறு அவர் எடுத்துத் தந்த தட்டு வரிசை தவறியிருந்தது.

"ஐயா, இது மூணாவது பகுதிங்க. இரண்டாவது இன்னும் வரல்ல" என்றேன்.

விருந்தினருக்கு விளங்காது என்று தமிழிலேயே, சிரித்த முகத்தோடு சொன்னார்: "உங்கட தோட்டத்திலை தப்புத்தானே பிள்ளை அடிப்பினம்? உமக்கு இதிலை என்ன விளங்கும்? நீர் ஊசியை மாத்தும், போதும்."

என் அப்பா தேயிலைத் தோட்டத்தில் தப்பு மேளம் அடித்தவர்தான். அந்தக் கிழமை முழுவதும் வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்தேன் என்பதே எனக்கு ஞாபகமில்லை.

மறு ஞாயிறு அதே சிம்பொனி, புதிய விருந்தினர். முதல் பகுதி முடிந்ததும் அவர் எழுந்து, "அடுத்து வருவது ஒரு சவ ஊர்வலம். மனித குலத்தின் துக்கம் முழுவதும் இதில் இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் உருக்கமாகச் சொல்லிவிட்டுக் கதிரையில் சாய்ந்தார். நான் மூன்றாம் பகுதியை வைத்தேன். அது துள்ளி ஓடும் நடன இசை. அவர் கண்களை மூடிக்கொண்டார். தலை மெல்ல ஆடியது. ஒரு துரைசானி கைக்குட்டையால் கண்ணை ஒற்றினாள்.

எல்லாம் முடிந்து கை தட்டினார்கள். நான் கிராமபோன் பக்கத்திலேயே நின்று, ஆங்கிலத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "நீங்கள் துக்கம் என்று கேட்டது நடனம். சவ ஊர்வலம் அதற்குப் பிறகு வந்தது. நான்தான் மாற்றிப் போட்டேன்."

ஒரு துரை பெரிதாகச் சிரித்தார். அவரோடு மற்றவர்களும் சிரித்தார்கள். என்னைப் பார்த்து அல்ல.

வாசல்வரை வந்து வழக்கறிஞர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: "ஏன் இப்பிடிச் செய்தனீர்?"

"எனக்கு என்ன விளங்கும்னு கேட்டீங்களே, அதுக்குத்தான்."

"இனி இஞ்சை வர வேண்டாம்."

"கூப்பிட்டாலும் வர மாட்டேங்க."

அடுத்த தவணையில் என்னைக் கண்டிக்கு வெளியே கலகெதரவில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். கமிட்டி காரணம் எதுவும் எழுதவில்லை. அங்கே ஆர்கனும் இல்லை, கிராமபோனும் இல்லை. மழைக் காலத்தில் கூரை ஒழுகும் வகுப்பில் நின்றபோதெல்லாம் அவரைத் திட்டினேன். செய்ததற்காக ஒரு நாளும் வருந்தவில்லை. வருந்தியது ஒன்றுக்குத்தான்: அந்தச் சவ ஊர்வலத்தை அதற்குரிய இடத்தில் இன்னொரு தடவை கேட்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. அதற்கும் அவரையே குற்றம் சொல்கிறேன்.