லென்ஸில் ஒரு சின்ன சுவிட்ச்

"அண்ணா, உங்க லென்ஸ்ல ஸ்டெபிலைசர் ஆன்ல இருக்கு."

இன்று காலை கல்வராயன் மலையில் நான் சொல்லாத வரி இது.

கையில் பிடித்து எடுக்கும்போது ஆட்டத்தைக் குறைக்க அது வேண்டும். ட்ரைபாடில் வைத்து, ஓடும் அருவியை மெதுவான ஷட்டரில் எடுக்கும்போது அணைத்துவிட வேண்டும். அணைக்காவிட்டால் அந்த அண்ணனுடையதைப் போன்ற பழைய லென்ஸ்கள் இல்லாத ஆட்டத்தைத் தேடித் தாமே ஆடும்.

அவர் எங்கள் கள்ளக்குறிச்சி போட்டோ குழுவின் மூத்தவர். குழுவின் காலண்டரில் ஒரே ஒரு அருவிப் படத்துக்குத்தான் இடம். போன வருடம் என் படத்தைத் தன் பெயரில் போட்டுக்கொண்டார். கேட்டதற்கு, "எடம் காட்டுனதே நான்தானம்மா" என்றார்.

இன்றும் நல்ல பாறையை அவரே பிடித்துக்கொண்டார். நான் என் லென்ஸின் சுவிட்சை அணைப்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாம்மா, இவ்ளோ நேரமா நோண்டிக்கினு இருக்க? பொம்பளப் புள்ளைங்களுக்கு ட்ரைபாட் குடுத்தாலும் கை ஆடும்."

"ஆமாங்கண்ணா" என்றேன்.

கேமராவின் சின்னத் திரையில் எல்லாப் படமும் நன்றாகத்தான் தெரியும். எல்லோரிடமும் காட்டினார். "கத்தி மாதிரி ஷார்ப்பு." நானும் தலையாட்டினேன்.

வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறார். தண்ணீரோடு பாறையும் கலங்கியிருந்தது. மதியம் குழுவின் வாட்ஸ்அப்பில் கேட்டார்: "ட்ரைபாட்ல வச்சும் ஆடிக்குதே, இன்னா காரணம்?" ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

தப்பா? சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

மாலையில் என் படம் என் பெயரோடு காலண்டருக்குத் தேர்வானது. அவர் புது ட்ரைபாட் ஆர்டர் செய்திருக்கிறார்.